கரையில் சொல்லக் கூடாத பெயர்

ஹான்சினே கல்யாணமாகி ஆல்கவேருக்கு வந்த நாளில் காற்றே இல்லை. புருஷன் கொன்ராத் துடுப்பைப் போட்டுக்கொண்டே தலையைத் திருப்பி மேற்கே காட்டினான். "அதோ தெரியுதா, லோனொய்?" என்றான். தட்டையான ஒரு பாறைத் தீவு, நடுவில் ஒரு குன்று, கரையோரம் மீன் காயவைக்கும் மரச்சட்டங்கள், பத்துப் பதினைந்து வீடுகள். அவள் பிறந்தது, மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழையும் ஃபியோர்டின் உள்ளே ஒரு பண்ணையில். இவ்வளவு வானத்தை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

படகுத்துறையில் பெண்கள் கூடி நின்றார்கள். புது இடம், நல்லதாக நாலு வார்த்தை சொல்வோம் என்று நினைத்து, கல்லில் கால் வைத்ததும் ஹான்சினே வாய் திறந்தாள்.

"லோனொய் நான் நினைச்சதவிட ரொம்ப அழகா இருக்கு."

ஒருத்தி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். தோரா என்ற உயரமான பெண், ஊரின் மருத்துவச்சி, படகில் தண்ணீர் இறைக்கும் மர அகப்பையை எடுத்து, குனிந்து கடல்நீரை மொண்டு வந்தாள்.

"வாயத் தொற."

"எதுக்கு?"

"தொறன்னா தொற. கொப்புளிச்சுத் துப்பு. கடல்ல துப்பு, கரையில இல்ல."

அந்தத் தீவில் அவள் முதன்முதலாக வாயில் வைத்தது அந்த உப்புநீர்தான். வீட்டுக்குள் போனதும் கொன்ராத் தலையைச் சொறிந்தான்.

"சொல்ல மறந்துட்டேன். கரையில இது ஆல்கவேர். கடல்ல இருக்கும்போது மட்டும்தான் அந்தப் பேரு."

"வேற என்னவெல்லாம் மறந்திருக்கே?"

"கடல்ல பூனையப் பூனைன்னு சொல்லக் கூடாது."

"அப்புறம்?"

"பாதிரியாரையும்."

"அவரையும் பூனைன்னா?"

கொன்ராத் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வருஷம் கோடையில் ஹெர்ரிங் மீன் அந்தப் பக்கமே வரவில்லை. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. 'உப்புத்தண்ணி' என்று பட்டப்பெயர் மட்டும் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது. கடையில் உப்பு வாங்கப் போனால், "ஒனக்கு எதுக்குடி உப்பு?" என்று கடைக்கார மார்த்தினே கேட்காமல் இருந்ததில்லை.

லோன் என்றால் இரவல், ஒய் என்றால் தீவு. கடலில் இருக்கும்போது ஆட்கள் தங்கள் தீவை இரவல் தீவு என்றுதான் சொல்வார்கள். இது எங்களுடையது இல்லை, உன்னிடம் வாங்கி வைத்திருக்கிறோம் என்று கடல் காதில் விழும்படி சொல்வது மரியாதை. அதையே கரையில் நின்று, கூரைக்குக் கீழே உட்கார்ந்து சொன்னால், திருப்பிக் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள் என்று கடல் எடுத்துக்கொள்ளும். அதுவும் ஆண்கள் வெளியே கடலில் இருக்கும்போது சொன்னால் முதலில் அவர்களைத்தான் எடுத்துக்கொள்ளும். தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. படகில் ஏறினால் ஒரு பெயர், இறங்கினால் ஒரு பெயர். நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

இதில் ஒரே ஒரு சிக்கல், அரசாங்கத்தின் வரைபடம். கொன்ராத்தின் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஓர் அதிகாரி கருவிகளோடு வந்தார். நாலு பேர் துடுப்புப் போட்டு அவரைத் தீவைச் சுற்றிக் காட்டினார்கள். அன்று அலை பெரிதாக இருந்ததால் கரையேற முடியவில்லை. அவருக்கு வேறு தலைசுற்றல், வாந்தி.

"இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"லோனொய்," என்றார்கள் நாலு பேரும்.

"வேற பேர் ஏதாவது உண்டா?"

அவர்கள் துடுப்பைப் பார்த்தார்கள். கடலில் இருந்துகொண்டு தீவை நம்முடையது போலப் பெயர் சொல்லி அழைப்பதெப்படி?

"இருக்கலாம்," என்றார் கொள்ளுத்தாத்தா.

"யாருக்குத் தெரியும்?"

"கரைக்குப் போனா எங்களுக்கே தெரியும்."

அதிகாரி பாறையில் மோதும் அலையை ஒரு தடவை பார்த்தார். லோனொய் என்று எழுதிக்கொண்டார். அச்சடித்த வரைபடம் வந்தபோது ஊரே கூடிப் பார்த்தது. யாரும் வாய் விட்டு வாசிக்கவில்லை. மார்த்தினேயின் மாமனார் அதைக் கடைச் சுவரில் மாட்டி, அந்தப் பெயர் மேல் ஒரு பழைய தபால்தலையை ஒட்டிவிட்டார். மாதா கோயில் பதிவேட்டில் ஆல்கவேர், கடிதம் வருவது ஆல்கவேருக்கு, கருவாடு போவது ஆல்கவேரிலிருந்து. கடலுக்கு அக்கரையில் பெருநிலத்துத் தபால்காரருக்கும், மீன் வாங்குகிறவருக்கும், டாக்டரின் படகை ஓட்டிய கிழவருக்கும் இரண்டும் தெரியும். வரைபடத்தை நம்பி யாரும் அங்கே வரவேண்டியிருக்கவில்லை. அதனால் யாரும் அதைத் திருத்தவும் சொல்லவில்லை.

ஹான்சினே அங்கே பதினாறு வருஷம் வாழ்ந்துவிட்டாள். தூண்டிலுக்கு இரை கோக்கும் வேலையில் கை மரத்துப்போகப் பழகினாள். ஆடு மேய்த்தாள், உருளைக்கிழங்கு போட்டாள், கருவாட்டைத் தட்டிப் பார்த்துக் காய்ந்ததா என்று சொல்லக் கற்றாள். ஜனவரியில் ஆண்கள் எல்லோரும் வடக்கே லோஃபோட்டன் தீவுகளுக்குக் காட் மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். ஈஸ்டர் வரை தீவு பெண்களுடையது. பதினாலு வயதில் கோயிலில் உறுதிபூசுதல் வாங்கி, பெரிய ஆளாகக் கணக்கில் சேர்ந்த பையன்கள்கூடப் போய்விடுவார்கள். மிஞ்சுவது சின்னப் பிள்ளைகளும், படுக்கையோடு கிடக்கும் ஒரு கிழவரும்.

அந்தப் பதினாறாவது குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக ஒரு படகு ஊரிலேயே தங்கியது. தோராவின் மகன் ஆக்செலின் படகு 'தெர்னா' எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. எஞ்சினைக் கழற்றிப் பெருநிலத்துக்கு அனுப்பிவிட்டு, அவன் வேறு படகில் கூலிக்குப் போனான். தெர்னா துறையில் கட்டிக் கிடந்தது. அதில் பேசவும் கேட்கவும் கூடிய, பாட்டரியில் ஓடும் ரேடியோ இருந்தது. தீவில் வேறு போன் கிடையாது. போவதற்கு முன் ஆக்செல் ஹான்சினேவைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியை எப்படித் திறப்பது, எங்கே அழுத்திக்கொண்டு பேசுவது என்று காட்டிக் கொடுத்தான்.

"ஏன் என்னை?" என்று கேட்டாள்.

"நீங்க மட்டும்தான் ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிற ஆளு. இதுல அதுதான் முக்கியம்."

கூடவே இன்னொன்றும் சொன்னான். "கயித்த மட்டும் அவுத்துடாதீங்க."

அது சொல்லாமலே தெரியும். கயிறு கட்டியிருக்கும் வரை படகு கரையின் ஒரு துண்டு, யாரும் ஏறலாம். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது கடல். துடுப்புப் படகில் பெண்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள், கோயிலுக்கும் போவார்கள், விறகுக்கும் போவார்கள். மீன்பிடி படகில் மட்டும் பெண்ணோ உறுதிபூசுதல் ஆகாத பையனோ கடலில் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் படகின் ராசி போய்விடும். அப்புறம் எவனும் அதில் வேலைக்கு வரமாட்டான்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொன்ராத்தின் கடைசித் தங்கை லவீசேவுக்கு வலி எடுத்தது. தலைப் பிரசவம். வெளியே பனிமூட்டம், வீட்டு வாசலிலிருந்து கிணறு தெரியவில்லை. கடல் அசையவே இல்லை. தோரா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். பிறகு ஹான்சினேவை அடுப்படிக்குக் கூட்டிவந்தாள்.

"புள்ள குறுக்கே கெடக்கு. ரெண்டு தரம் திருப்பிப் பாத்துட்டேன். திரும்ப மாட்டேங்குது."

"இன்னொரு தரம்?"

"இன்னொரு தரம் பண்ணா எதையாவது கிழிச்சுடுவேன். டாக்டரக் கூப்பிடு. பொழுது சாயறதுக்குள்ள வரணும். வரலேன்னா ரெண்டுல ஒண்ணு போகும், இல்லேன்னா ரெண்டும்."

ஹான்சினே துறைக்கு ஓடினாள். தெர்னாவில் ஏறி, பெட்டியைத் திறந்து, பொறுமையாகச் சூடாகவிட்டு, அழுத்திக்கொண்டு பேசினாள். அதிர்ஷ்டம், டாக்டர் தன் படகில்தான் இருந்தார். வேறொரு தீவில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பேசியது படகோட்டி. புதுக் குரல், தெற்கத்திப் பேச்சு.

"எந்தத் தீவுன்னு சொன்னீங்கம்மா?"

"ஆல்கவேர்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "படத்துல அப்படி ஒரு பேரே இல்லையே."

"முன்னாடி ஓட்டுவாரே, அவர் எங்கே?"

"அவர் புதுவருஷத்தோட நின்னுட்டார். நான் இங்க வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது."

"தபால்காரர் வீட்லயும் பெட்டி இருக்கு, அவரக் கேளுங்க ஐயா. அவருக்குத் தெரியும்."

"இருங்க."

இருந்தாள். கைவிரல்கள் விறைத்தன. கொஞ்ச நேரத்தில் குரல் திரும்ப வந்தது, கொஞ்சம் கடுப்பாக. "கேட்டேன். ஆல்கவேர் ஆல்கவேர்லதான் இருக்கு, எல்லாருக்கும் தெரியும்னு சொல்றார். படத்துல என்ன பேருன்னு கேட்டா, ஞாயித்துக்கெழமை அதுவுமா கரையில உக்காந்துக்கிட்டு அதெல்லாம் சொல்ல முடியாதுங்கறார். உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?"

"மேற்கே வாங்க. கடைசித் தீவு."

"அம்மா, இந்தப் படத்துல மேற்கே பூரா ஒரு கை மண்ண வாரி எறச்ச மாதிரி தீவா கெடக்கு, இதுல எது கடைசி? சுத்தி எல்லாம் பாறை. என் படகோட மூக்கே எனக்குத் தெரியல. பேர் தெரிஞ்சா திசைமானிய வெச்சு வந்துடுவேன். தேடிக்கிட்டு வர முடியாது."

"நடுவுல ஒரு குன்னு..."

"பனியில குன்ன எங்கே பாக்குறது? சரி, நான் ஒண்ணொண்ணா பேரை வாசிக்கிறேன். உங்க ஊர் வந்ததும் ஆமான்னு சொல்லுங்க. ப்ரூஸ்கெர்... தாரொய்..."

"ஐயா, வேணாம்! வாசிக்காதீங்க!"

பெட்டியிலிருந்து வந்தாலும், கரையில் கட்டிய படகில் ஒலித்தால் ஒலித்ததுதான். மேலே லோஃபோட்டனில் அந்த நேரம் எல்லாப் படகும் வெளியே இருக்கும். கொன்ராத், ஆக்செல், லவீசேவின் புருஷன். தனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று ஹான்சினே தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. அந்த ஹெர்ரிங் இல்லாத கோடையை மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

"உங்க ஊர் பேரை நீங்க யார்கிட்டம்மா கேக்கணும்?" என்று பெட்டி கேட்டது. அவள் அதற்குள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

லவீசே கட்டிலின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்துக் கிடந்தாள். "அண்ணி, வராரா?" என்று கேட்டாள். "வராரு," என்று சொல்லிவிட்டு ஹான்சினே தோராவை அடுப்படிக்கு இழுத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

தோரா கையை வெந்நீரில் கழுவிக்கொண்டே கேட்டாள். "அப்ப ஒரே வார்த்தைதானா?"

"ஆமா."

"அங்கயே சொல்லிட்டு வாயக் கழுவிக்க வேண்டியதுதானே. ஒனக்குப் பழக்கம்தானே, உப்புத்தண்ணி."

ஹான்சினே பதினாறு வருஷமாக அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டிருந்தவள். இப்போது சிரிக்கவில்லை. "ஆம்பளைங்க எல்லாரும் வெளிய இருக்காங்க அக்கா. கரையில நின்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப துடுப்புப் படகுல போய்ச் சொல்லு."

"ரேடியோ தெர்னாவுல ஆணி அடிச்சு வெச்சிருக்கு. கம்பி பாய்மரத்து உச்சிக்குப் போகுது."

"பெட்டியப் பேத்து எடு."

"பேத்தா பேசாது."

தோரா துணியில் கையைத் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக. அந்தப் படகு அவள் புருஷன் விட்டுப்போனது. எஞ்சின் வந்ததும் ஆக்செல் அதில்தான் பிழைக்க வேண்டும். ஹான்சினே கேட்க வந்தது என்ன என்று அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது.

"கயித்த அவுக்கணுங்கற."

"ஆமாக்கா."

"நீ உள்ள இருந்துக்கிட்டு."

"வேற யாருக்கும் அந்தப் பெட்டியப் பேச வைக்கத் தெரியாது."

உள்ளே லவீசே கத்தினாள். நீளமாக இல்லை, பாதியில் மூச்சு நின்றுபோன கத்தல். தோரா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அவு," என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே. "படகு போனா போகுது. போ, நின்னுக்கிட்டு இருக்காத."

ஹான்சினே கடைக்குப் போய் மார்த்தினேயை எழுப்பினாள். மார்த்தினே தன் அக்காள் மகள் அன்னாவையும் கூட்டிக்கொண்டு, காலுறையோடு வந்து துடுப்புப் படகில் ஏறினாள். எஞ்சின் இல்லாத தெர்னாவை இழுத்துப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். துடுப்புப் படகிலிருந்து ஒரு கயிற்றைத் தெர்னாவின் முன்பக்கம் கட்டினார்கள்.

"படகுக்கும் படகுக்கும் கயிறு இருந்தா பரவாயில்லையா?" என்று அன்னா கேட்டாள்.

"கரைக்கும் படகுக்கும்தான் இருக்கக் கூடாது," என்றாள் மார்த்தினே.

"யார் சொன்னா?"

"இப்ப நான் சொல்றேன். துடுப்பப் போடுடி."

பின்பக்கக் கயிற்றை ஹான்சினே அவிழ்த்தாள். முன்பக்கக் கயிறு பனியில் இறுகிப் போயிருந்தது. ஆக்செல் போடும் முடிச்சு, சுலபத்தில் வராது. பல்லால் கடித்து இழுத்தாள். அதன் முனை நழுவித் தண்ணீரில் விழுந்ததும், காலுக்குக் கீழே படகு வேறு மாதிரி ஆயிற்று. பெரிதாக ஆடவில்லை. ஆனால் எதையும் பிடித்துக்கொண்டு இல்லை என்பது தெரிந்தது. மூன்று நாலு துடுப்பு வீச்சில் துறையும், அதன்மேல் வந்து கூடியிருந்த பெண்களும் பனிக்குள் போய்விட்டார்கள்.

"போதுமா?" என்று மார்த்தினே எங்கிருந்தோ கேட்டாள்.

"கரை தெரியுதா?"

"என் மூஞ்சியே எனக்குத் தெரியல."

ஹான்சினே அழுத்தினாள். "ஐயா, கேக்குதா? லோனொய். படத்துல லோனொய்னு போட்டிருக்கும்."

காகிதம் புரண்டது. பிறகு அந்தக் குரல் ஏறக்குறைய அலறியது. "லோனொயா? அது இங்க வடமேற்கே பக்கத்துலதானே இருக்கு! ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன். இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"மொதல்ல நான் கரையில இருந்தேன்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கடல்ல."

"பிரசவம் கடல்லயா?"

"இல்லைங்க ஐயா," என்றாள் ஹான்சினே. "சீக்கிரம் வாங்க."

பனியில் துறை தெரியாது என்பதால் பெண்கள் முறை வைத்துக் காலி எண்ணெய்ப் பீப்பாயை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மதியம் தாண்டி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் படகு வந்து சேர்ந்தது. டாக்டர் கோட்டைக் கழற்றிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். தோராவும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஹான்சினே அடுப்பில் வெந்நீரும் காபியும் மாற்றி மாற்றி வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. வெளிச்சம் மங்கும் நேரம் உள்ளேயிருந்து ஒரு குழந்தை, கோபமாக, அழுதது.

"பொண்ணு," என்று தோரா கதவைத் திறந்து சொன்னாள். "ரெண்டும் இருக்கு." அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறிப்போன காபியைத் தட்டில் ஊற்றி, கற்கண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சிக் குடித்தாள்.

ஈஸ்டருக்கு ஆண்கள் திரும்பி வந்தார்கள். எல்லோரும் உயிரோடுதான் வந்தார்கள். ஆக்செல் துறையில் இறங்கியதும் தெர்னாவைப் பார்க்கப் போனான். முன்பக்கக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இது என் முடிச்சு இல்லையே."

"இல்ல," என்றாள் தோரா. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

அவன் கோபப்படவில்லை. குழந்தையைப் பார்க்கப் போய், கட்டைவிரலை அது பிடித்துக்கொள்ளும் வரை நின்றான். ஊரில் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். எல்லோரும் ஹான்சினேவுக்கு நன்றி சொன்னார்கள். கொன்ராத் மார்த்தினேயின் கடையில் எல்லார் முன்னாலும் தன் பெண்டாட்டியைப் புகழ்ந்து பேசினான், அவன் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. ஆனால் எஞ்சின் திரும்பி வந்தபோது, தெர்னாவில் வேலைக்கு வர ஒருத்தனும் கிடைக்கவில்லை.

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா," என்றான் ஆக்செல். "ஆனா கூட வரவனுக்கு இருக்கே. மீன் ஒரு நாள் கொறஞ்சா என் மூஞ்சியப் பாப்பான்." விற்கப் பார்த்தார்கள். பெருநிலத்திலிருந்து கேட்டு வந்தவர்கள் முதலில் கேட்டதே, "அந்த ரேடியோல பேசுன படகுதானே?" என்பதுதான். அன்று பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆக்செல் மறுபடியும் கூலிக்குப் போவதென்று முடிவு செய்தான். தோரா அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ஹான்சினேவைத் தின்றது. பாலாடைக்கட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். தோரா வாங்கி வைத்துக்கொண்டாள். ஆட்டுக்கறி கொண்டுபோனாள். அதையும் வாங்கிக்கொண்டாள்.

மே மாதம் உருளைக்கிழங்கு நடும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் தோரா வந்து நின்றாள்.

"எத்தனை நாளைக்குடி எனக்குத் தீனி போட்டுக்கிட்டு இருப்பே?"

ஹான்சினே நிமிர்ந்தாள். "என்ன செய்யணும்னு சொல்லுங்க அக்கா. செய்யறேன்."

"படகு சும்மா கெடந்து பாசி பிடிக்குது. நீதானே ஏறினே. நீயே ஓட்டு."

"நானா? எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதே."

"தெரிஞ்சுக்கிட்டா நான் மொத பிரசவம் பாத்தேன்? படகுக்கு உண்டான பங்க எனக்குக் குடு. மீதி ஒனக்கு."

"பொம்பள ஏறினா மீன் வராதுன்னு..."

"அதான் ஏற்கெனவே ஏறியாச்சே. ராசி போனா போனதுதான், ரெண்டு தரமா போகும்?"

அன்று சாப்பாட்டு நேரத்தில் கொன்ராத்திடம் சொன்னாள். அவன் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்கு என்ன புதுசா?"

"தனியாப் போக முடியாது. இன்னொரு ஆள் வேணும். எவன் வருவான்?"

"நான் வரேன்," என்றாள் லவீசே. அவள் ஜன்னல் ஓரம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்காகத்தானே படகு கெட்டுச்சு. புள்ளைய தோராக்கா பாத்துக்கட்டும்."

"நீயா? ஒனக்கு அலைன்னா வாந்தி வருமே."

"வந்தா துப்பிக்கிறேன். அண்ணி கத்துக் குடுப்பாங்க."

கொன்ராத் பெண்டாட்டியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து போய், கொட்டிலிலிருந்து தண்ணீர் உள்ளே போகாத தன் பழைய எண்ணெய்த்துணிச் சட்டையைக் கொண்டுவந்து நாற்காலி முதுகில் போட்டான். "கை நீளமா இருக்கும். மடிச்சுக்கோ," என்றான்.

ஹான்சினே அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் தெர்னாவில் போனாள். அந்தப் பக்கத்துத் தீவுகளில் சொந்தமாக மீன்பிடி படகு ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான். ரொம்ப தூரம் போகமாட்டாள், லோஃபோட்டன் போனதே இல்லை. மேற்கே பாறைகளைச் சுற்றியும், கோடையில் வடக்கே கொஞ்சமும். காற்று மாறுவது மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும் என்று பின்னால் சொன்னார்கள். அவளைக் கேட்டால், பயம் ஜாஸ்தி, அதனால் சீக்கிரம் திரும்பிவிடுவேன், அவ்வளவுதான் என்பாள்.

ஆனால் அந்த முதல் நாளைத்தான் எல்லோரும் பார்க்கக் காத்திருந்தார்கள். ஜூன் மாதம், சூரியன் மறையாத நாட்கள். மேற்குப் பாறைக்குப் பக்கத்தில் கொக்கிகள் கோத்த நீளக் கயிற்றைப் போட்டு, அந்தக் கொக்கிகளில் இரண்டு தரம் கையைக் கிழித்துக்கொண்டு, மத்தியானம் தாண்டித் திரும்பினார்கள். லவீசே போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தாள். கொக்கிகளில் பாதிக்கு மேல் சும்மாதான் வந்தன. அங்கங்கே காட் மீன் இருந்தது, ஹாலிபட் என்ற தட்டைமீன் பெரிதாக இரண்டு இருந்தது.

துறையில் வேலை இல்லாதவர்கள்போல நிறையப் பேர் நின்றார்கள். படகு காலியாக வரும் என்று நினைத்தவர்கள் பாதி. நிறைந்து வழியும், பழைய பேச்செல்லாம் பொய் என்று காட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் பாதி. வந்திருந்தது அந்த வாரத்தில் எந்தப் படகுக்கும் வந்திருக்கக்கூடிய அளவு மீன். இரண்டு தரப்புக்கும் முகம் தொங்கிப்போயிற்று.

மீன் வாங்குகிறவர் தராசுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நல்ல மனிதர், ஆனால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹான்சினே, இதை நான் எதோட சேக்கறது?" என்று கேட்டார்.

"எதுன்னா?"

"இல்ல... இந்தப் படகு மீனை."

"மீனோடதான்," என்றாள் ஹான்சினே. கூடையைத் தூக்கித் தராசில் வைத்தாள். அவர் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு எடைக்கல்லை நகர்த்தினார்.

தோரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துறையில் இறங்கி வந்தாள். குழந்தை பசியில் அழுதுகொண்டிருந்தது. லவீசே ஈரக் கையோடு அதை வாங்கிக்கொண்டு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். தன் பங்குக்கு வைத்திருந்த மீன்களைத் தோரா ஒவ்வொன்றாகத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்தாள், கடைசியில் ஒரு காட் மீனைத் தனியாக எடுத்து, அதன் வயிற்றை விரலால் அழுத்தினாள்.

"ஒல்லியா இருக்கே."

"கெடச்சது அதுதான் அக்கா."

"பாறைக்கு ரொம்பப் பக்கத்துல போட்டிருப்பே. பயந்துட்டு." மீனின் செவுளில் விரலை நுழைத்துத் தூக்கிக்கொண்டாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெளிய போ. நான் காலையில சீக்கிரமே வந்து புள்ளைய வாங்கிக்கிறேன்."